"இன்னுமா சேர் மூச்சு வாங்குது?" என்று கேட்க முன்...



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் எடுத்து முழுதாக வாசியுங்கள். எங்கள் பாடசாலைக் கணித சேரைப் பற்றியது. அவரது அனுமதியோடுதான் எழுதுகிறோம். அவரே ஒரு தரம் வாசித்துப் பார்த்தும் விட்டார். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. யாரென்று தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே கருத்திலும் பெயர் எழுத வேண்டாம்.

போன மாதம் ஒரு நாள். இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. தரம் 10 வகுப்பு மேல்மாடியில். சேர் பாதிப் படியில் நின்று, கைபிடியைப் பிடித்தபடி மூச்சை எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தகப்பன் அதைக் கண்டார். நல்ல மனிதர். சேரின் ஒப்பரேசனுக்குக் காசு சேர்த்தபோது முன்னுக்கு நின்றவர்களில் ஒருவர். சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன சேர், இந்தியாவுக்கும் போய் ஒப்பரேசனும் செஞ்சி வந்தீங்க. இன்னுமா மூச்சு வாங்குது?"

சேரும் சிரித்தார். "வயசு போகுதுதானே நானா" என்று சொல்லிவிட்டு மெல்ல ஏறிப் போனார்.

அன்று பின்னேரம் ஸ்டாப் ரூமில் நாங்கள் இரண்டு மூன்று பேர் அவரோடு இருந்து கதைத்தோம். கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். இரண்டு மாதமாக எந்தப் பதிவும் இல்லை. இரத்தப் பரிசோதனையும் இல்லை. ஏன் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"எத்தன தரம் லீவு கேக்குற? நீங்க எல்லாரும் சேர்ந்து அவ்வளவு காசு போட்டு அனுப்பினீங்க. இன்னும் சுகமில்லண்டு சொன்னா, நம்மட காசு வீணாப் போயிட்டெண்டு நினைப்பாங்கதானே."

இந்த ஒரு வசனம் எங்களைப் போட்டு வாட்டிவிட்டது. நாம் கொடுத்த காசு ஒரு மனிதனுக்கு உதவியாகவும் இருந்திருக்கிறது, அதே நேரம் அவர் வாயைத் திறக்க முடியாத கடனாகவும் ஆகியிருக்கிறது. அதனால் வந்த வெட்கத்தில் அவர் உயிர் காக்கும் மருந்தின் பரிசோதனையைத் தவறவிட்டிருக்கிறார். குற்றம் அவருடையதா, நம்முடையதா?

நம்முடையது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால், அந்த நோய் என்ன, ஒப்பரேசனுக்குப் பிறகு நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். நாங்கள் டொக்டர்மார் அல்ல. சேரோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திரிந்து, கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறோம்.

*நடந்தது என்ன?*

2021 கடைசியில் சேர் மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் எலும்பு முறிந்தது நினைவிருக்கும். பிளாஸ்டர் போட்டு வாரக்கணக்கில் படுக்கை. ஒரு நாள் திடீரென்று நெஞ்சுக் குத்து, மூச்சு முட்டல். காலில் உறைந்த இரத்தக் கட்டி கழன்று நுரையீரல் நாடியில் போய் அடைத்திருக்கிறது என்று ஸ்கேன் எடுத்துச் சொன்னார்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை கொடுத்தார்கள். ஆறு மாதம் குடித்தார். பிறகு நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆனால் மூச்சு பழையபடி வரவில்லை. பள்ளிவாசலுக்கு நடந்து போகிறவர் சைக்கிளில் போனார், பிறகு சைக்கிளும் ஏலாமல் ஆட்டோவில் போனார். ஒரு இடத்தில் ஆஸ்துமா என்று பம்ப் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள். நாங்களும் எங்கள் பங்குக்கு, "சேர் வீட்டிலயே இருந்து சோம்பேறியாப் போயிட்டார்" என்று பகிடி பண்ணினோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, இரண்டு காலும் வீங்கத் தொடங்கியபோதுதான் ஒரு டொக்டர் எக்கோ எடுக்கச் சொன்னார். இதயத்தின் வலப்பக்கம் பெருத்துப் போயிருந்தது. கொழும்புக்கு அனுப்பினார்கள். நுரையீரலில் எந்தப் பகுதிக்குக் காற்றுப் போகிறது, எந்தப் பகுதிக்கு இரத்தம் போகிறது என்று ஒப்பிட்டுக் காட்டும் வி/கியூ ஸ்கேன் எடுத்தார்கள். காற்று எல்லா இடமும் போகிறது, இரத்தம் பல இடங்களுக்குப் போகவில்லை. பிறகு இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டு நுரையீரல் நாடியின் அழுத்தத்தை அளந்தார்கள். சராசரி 54. சுகமாக உள்ள ஒருவருக்கு அது ஏறத்தாழ 14தான் இருக்கும். 20க்கு மேல் போனாலே கூடுதல் என்று கணக்கெடுக்கிறார்கள்.

கரையாத இரத்தக் கட்டியால் நுரையீரல் நாடிகளில் வரும் உயர் அழுத்தம். இதுதான் நோய்.

*வாய்க்காலும் வயலும்*

நம்ம ஊரில் வாய்க்கால் தெரியாதவர் இல்லை. அதையே வைத்துச் சொல்கிறோம்.

இதயத்தின் வலப்பக்கம் குளம் மாதிரி. அங்கிருந்து பெரிய வாய்க்கால் இரண்டு, வலது நுரையீரலுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. அவை கிளை வாய்க்காலாகப் பிரிந்து பிரிந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்களாக முழு வயலுக்கும் பாய்கின்றன. அங்கேதான் இரத்தம் ஒட்சிசனை எடுக்கிறது.

காலில் இருந்து வந்த கட்டி ஒரு கிளை வாய்க்காலை அடைக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு மருந்தோடு அது சில வாரங்களில், சில மாதங்களில் கரைந்துவிடும். அல்ஹம்துலில்லாஹ், அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு அது சரியாகக் கரைவதில்லை. நாடியின் உட்சுவரோடு ஒட்டி, இறுகி, தழும்பு மாதிரி ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு இரத்தத்தை இளக்கும் எந்தக் குளிசையும் அதைக் கரைக்காது, ஏனென்றால் அது இப்போது இரத்தக் கட்டியே அல்ல, வாய்க்காலில் வளர்ந்த கட்டாந்தரை.

இதுவரை ஓரளவு எல்லோருக்கும் விளங்கும். அடுத்த விடயம்தான் நமக்குத் தெரியாமல் போனது.

ஒரு பக்க வாய்க்கால் அடைத்துவிட்டால், குளத்துத் தண்ணீர் முழுதும் திறந்திருக்கும் மற்ற வாய்க்கால்களில்தானே போக வேண்டும்? அந்தச் சின்ன வாய்க்கால்கள் அவ்வளவு தண்ணீருக்கு வெட்டப்பட்டவை அல்ல. நுரையீரலிலும் அதேதான். திறந்திருக்கும் நாடிகளுக்குள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அளவுக்கு மிஞ்சிய இரத்தம், அளவுக்கு மிஞ்சிய அழுத்தம். அதைத் தாங்க அந்த நுண்ணிய குழாய்களின் சுவர் தடிக்கிறது. தடிக்கத் தடிக்க உள்வழி ஒடுங்குகிறது. ஒடுங்க ஒடுங்க அழுத்தம் இன்னும் கூடுகிறது.

அடைபட்ட வாய்க்காலுக்கு அப்பாலுள்ள பகுதியும் சும்மா இருப்பதில்லை. சுவாசக் குழாய்களுக்கு இரத்தம் கொண்டுபோகும் வேறு நாடிகள் பெருத்து, பக்கவழியாக அங்கே இரத்தத்தைக் கொண்டுவருகின்றன. அங்குள்ள சிறு குழாய்களும் மாறிப்போகின்றன. அமெரிக்காவின் சான் டியாகோவில் இந்த நோயைப் பல்லாண்டு ஆராய்ந்த கென்னத் மோசர் என்ற வைத்தியர், புளூர் என்பவரோடு சேர்ந்து 1993இல் இதை எழுதினார். நோயாளிகளின் நுரையீரல் இழையங்களைப் பார்த்தபோது, அடைபட்ட பகுதி, அடைபடாத பகுதி இரண்டிலுமே சிறு நாடிகள் மாறியிருந்தன.

அப்படியென்றால் இது ஒரு நோய் அல்ல, இரண்டு. ஒன்று, பெரிய வாய்க்காலில் உள்ள அடைப்பு. மற்றது, சின்ன வாய்க்கால்களில் வந்த மாற்றம். ஒப்பரேசனுக்குக் கை எட்டுவது முதலாவதுக்கு மட்டும்தான்.

*அந்த ஒப்பரேசன்*

சேருக்கு நடந்த ஒப்பரேசன் சின்ன விடயம் அல்ல. நெஞ்சு எலும்பைப் பிளந்து, இதய நுரையீரல் இயந்திரத்தில் போட்டு, உடம்பை ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் வரை குளிராக்கி, உடம்பில் இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிட்டுச் செய்கிறார்கள். ஒரு தடவைக்கு 20 நிமிடம் அளவில்தான் நிறுத்தலாம். அதற்குள் நாடியின் உட்சுவரில் ஒட்டிய தழும்பைப் பிடித்து, கிளை கிளையாக உரித்து எடுக்க வேண்டும். பிறகு ஓட்டத்தை விட்டு, மற்றப் பக்கம். சான் டியாகோவில் 1970இலேயே தொடங்கிய சிகிச்சை இது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் உள்ள ரோயல் பாப்வேர்த் ஆஸ்பத்திரிதான் அந்த நாட்டுக்கே மையம். பழகிய கைகளில் இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவர்கள் உயிரோடு வீடு திரும்புகிறார்கள்.

எடுத்ததைப் படம் பிடித்துக் காட்டினார்கள். மரத்தின் வேர் மாதிரி, வெள்ளை மஞ்சள் நிறத்தில், கிளைவிட்டுக் கிடந்தது. நாங்கள் அந்தப் படத்தை வட்ஸ்அப் குழுமத்தில் போட்டோம். "அல்ஹம்துலில்லாஹ், நோய் வெளியில வந்துட்டு" என்று எழுதினோம்.

அங்கேதான் பிழைத்தோம். வந்தது பாதி.

*பிறகு நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது?*

முதல் சில நாட்கள்: வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த வயலுக்குத் திடீரென்று முழுத் தண்ணீரும் பாய்ந்தால் வரம்பு தாங்குமா? திறந்துவிட்ட பகுதிக்குள் இரத்தம் பாயும்போது நீர் கசிந்து நுரையீரல் ஊறிப்போகும். சேர் நான்கு நாள் கூடுதலாகச் சுவாச இயந்திரத்தில் இருந்தது இதனால்தான். அப்போது "ஒப்பரேசன் பிழைச்சிட்டாம்" என்று ஊரில் கதை பரவியது. பிழைக்கவில்லை. எதிர்பார்த்த ஒன்றுதான்.

இன்னொரு விசித்திரமும் நடக்கும். இவ்வளவு காலமும் நன்றாக இரத்தம் ஓடிய பகுதிகளில் ஓட்டம் குறைந்துவிடும். ஏன்? அங்குள்ள சிறு குழாய்கள் தடித்துப் போயிருக்கின்றன, புதிதாகத் திறந்த பகுதி இலகுவாக வழிவிடுகிறது. தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தானே ஓடும்! ஸ்கேனைப் பார்த்தால் புது அடைப்பு வந்த மாதிரித் தெரியும். ஆனால் அடைப்பு அல்ல. பலருக்குக் காலப்போக்கில் இது சமநிலைக்கு வருகிறது.

அடுத்த சில மாதங்கள்: பெருத்திருந்த வலது இதயம் சுருங்கித் தன் அளவுக்குத் திரும்பத் தொடங்கும். பக்கவழியாகப் பெருத்த நாடிகளும் மெலியும். கால் வீக்கம் வடியும். சேருக்கு இவை எல்லாம் நடந்தன. ஒப்பரேசனுக்கு முன் ஆறு நிமிடத்தில் 210 மீற்றர் நடந்தவர், ஆறு மாதம் கழித்து 390 மீற்றர் நடந்தார். அழுத்தம் 54இல் இருந்து 32க்கு இறங்கியது.

32 என்றால்? நல்ல முன்னேற்றம். ஆனால் சாதாரணம் அல்ல. மிச்சம் இருப்பது அந்தச் சின்ன வாய்க்கால்களின் கணக்கு. சிலருக்கு அவை மெல்ல மெல்ல இளகும், சிலருக்குத் தடித்தது தடித்தபடியே இருந்துவிடும்.

சேர் மட்டும் இப்படி அல்ல. இங்கிலாந்தில் இந்த ஒப்பரேசன் செய்த 880 பேரைத் தொடர்ந்து பார்த்து 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்று முதல் ஆறு மாதத்தில் அளந்தபோது, ஏறத்தாழ பாதிப் பேருக்கு அழுத்தம் 25 அல்லது அதற்கு மேல் இருந்தது. பாதிப் பேருக்கு! அதற்காக அவர்கள் பயப்பட வேண்டியதில்லை. கொஞ்சம் கூடுதலாக இருந்தவர்களில் அநேகர் நன்றாகவே வாழ்ந்தார்கள். அழுத்தம் 38ஐத் தாண்டியவர்களுக்குத்தான் நீண்ட காலத்தில் ஆபத்துக் கூடியது. 30 அளவில் இருந்தே மேலதிக மருந்து பற்றி யோசிக்கலாம் என்று எழுதினார்கள். ஒப்பரேசன் செய்தவர்களில் பத்து வருடம் கழித்தும் நூற்றுக்கு 72 பேர் உயிரோடு இருந்தார்கள்.

ஆக, மிச்ச அழுத்தம் என்பது தோல்வி அல்ல. காசு வீண் என்பதன் அடையாளமும் அல்ல. இந்த நோயின் இயல்பே அதுதான்.

அதற்கும் வழிகள் இருக்கின்றன. ரியோசிகுவாட் என்ற மருந்து 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒப்பரேசன் செய்ய முடியாதவர்களுக்கும், செய்த பிறகு அழுத்தம் மிஞ்சியவர்களுக்கும் அது. பலூன் சிகிச்சையும் உண்டு. மெல்லிய குழாயை நுரையீரல் நாடிக் கிளைகளுக்குள் அனுப்பி, சின்னப் பலூனால் விரித்துவிடுவது. 2001இல் அமெரிக்க வைத்தியர்கள் 18 பேருக்கு அதைச் செய்து எழுதினார்கள். பலருக்கு நுரையீரல் நீரில் ஊறியதால் அது பெரிதாகப் பரவவில்லை. பிறகு ஜப்பானில், ஒக்காயாமா போன்ற இடங்களில், சிறிய பலூனோடு, ஒரே நாளில் எல்லாவற்றையும் திறக்காமல் பல தவணைகளாகச் செய்து 2012 அளவில் நல்ல பலன் காட்டினார்கள். மடையை ஒரேயடியாகத் திறக்காமல் படிப்படியாகத் திறந்தார்கள். நமக்கு அது விளங்காத விடயமா?

எந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அந்தத் துறை வைத்தியர்கள் கூடி முடிவெடுக்க வேண்டும். நாமோ வட்ஸ்அப்போ அல்ல.

*இனி நம்மைப் பற்றி*

நம் சமூகத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. யாருக்காவது பெரிய நோய் என்றால் இரண்டு வாரத்தில் இலட்சக்கணக்கில் சேர்த்துவிடுவோம். ஜும்ஆவில் அறிவித்தால் போதும். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் அனுப்புவார்கள், வேளாண்மை வெட்டியவர் நெல் மூட்டையைக் கொடுப்பார், பெண்கள் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்ததையும் கண்டிருக்கிறோம்.

ஆனால் நமக்கு ஒரு பழக்கமும் உண்டு. ஒப்பரேசன் முடிந்து ஆள் விமானத்தில் வந்து இறங்கினால், நம் மனதில் அந்தப் பைல் மூடப்பட்டுவிடும். பழம் வாங்கிக்கொண்டு ஒரு தரம் போய்ப் பார்ப்போம். அதற்குப் பிறகு அவர் சுகமாகத்தான் இருக்க வேண்டும். சுகமாக இல்லை என்றால் நமக்கு ஒரு மாதிரி இருக்கும். "இன்னுமா?" என்று கேட்போம்.

அந்த "இன்னுமா" என்ற சொல் செய்யும் வேலையைப் பாருங்கள். சேர் கிளினிக் போகாமல் விட்டார். இந்த நோயில் ஒப்பரேசன் செய்தாலும் இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தை வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டும். சேர் எடுப்பது வார்பரின். அதன் அளவு சரியா என்று பார்க்கும் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை, பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் மறுபடி கட்டி உறையலாம், கூடினால் இரத்தம் கசியலாம். நாங்கள் வற்புறுத்தி அடுத்த நாளே கூட்டிப் போனபோது அவருக்கு 1.4. இன்னும் இரண்டு மாதம் இப்படிப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே பயம்.

இரண்டாவது ஒன்றும் நடந்தது. பக்கத்து ஊரில் இதே நோய் கண்ட ஒரு சகோதரிக்கு ஒப்பரேசன் செய்யலாம் என்று வைத்தியர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவரது குடும்பம் தயங்குகிறது. காரணம் கேட்டால், "அந்த சேருக்கே சரிவரல்லயாம், இன்னும் படி ஏற ஏலாதாம், பிறகு எதுக்கு?" என்கிறார்களாம். நாம் பகிடியாகச் சொன்ன ஒரு வசனம் அங்கே ஓர் உயிரின் தீர்மானமாகப் போய் நிற்கிறது. அந்தக் குடும்பத்துக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். சேருக்குச் சரிவந்திருக்கிறது. ஒப்பரேசன் செய்யாமல் இருந்திருந்தால் 54இல் அந்த வலது இதயம் எவ்வளவு காலம் தாங்கியிருக்கும்? இன்று அவர் வகுப்பில் நின்று கணிதம் படிப்பிக்கிறார். படியில் ஒரு தரம் நிற்கிறார், அவ்வளவுதான்.

"எத்தனையோ நோயாளிகள் இருக்க, ஒரே ஆளுக்கு எவ்வளவு காலம் செலவழிப்பது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்கைப் பாருங்கள். ஒப்பரேசனுக்குப் போன காசோடு ஒப்பிட்டால் பிறகு வருவது சின்னத் தொகை. மாதம் ஒரு கிளினிக், அதற்குப் பஸ் காசு, ஒரு நாள் லீவு, இடைக்கிடை எக்கோ. அந்தச் சின்னதைக் கவனிக்காமல் விட்டால் பெரியதாகப் போட்டதும் போய்விடும். குளத்தைக் கட்டிவிட்டு வாய்க்காலைத் துப்புரவாக்க மறந்தவன் போல ஆகிவிடுவோம். ஒவ்வொரு போகத்துக்கும் வாய்க்கால் வெட்டாமல் எந்த வட்டவிதானையாவது தண்ணீர் விடுவாரா?

*நாங்கள் கேட்பது இவ்வளவுதான்*

1. இனி யாருக்காவது சிகிச்சைக்குக் காசு சேர்த்தால், ஒரு பகுதியைப் பிறகு வரும் வருடங்களுக்கென்று ஆரம்பத்திலேயே ஒதுக்கி வையுங்கள். நோயாளி திரும்பவும் கை நீட்ட வேண்டிய நிலை வேண்டாம். பள்ளி நிர்வாகமோ பழைய மாணவர் சங்கமோ இதைப் பொறுப்பெடுக்கலாம்.

2. காலிலோ நுரையீரலிலோ இரத்தக் கட்டி வந்த யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், மூன்று மாதம் மருந்து எடுத்த பிறகும் மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள். வாங்கினால் டொக்டரிடம், "முன்னர் நுரையீரலில் கட்டி வந்தது, இன்னும் மூச்சு சரியில்லை, எக்கோவும் வி/கியூ ஸ்கேனும் தேவைப்படுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பழைய டயக்னோசிஸ் கார்டைத் தொலைக்காதீர்கள். இந்த நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கட்டி வந்ததே முன்பு தெரிந்திருக்கவில்லை. ஆகவே காரணம் தெரியாத மூச்சிழைப்பு நீண்டால் "வயசு" என்று விட்டுவிடாதீர்கள்.

3. வார்பரின் எடுப்பவருக்கு அன்பு மிகுதியில் மருந்து சொல்லாதீர்கள். ஹிஜாமா, கருஞ்சீரக எண்ணெய், பூண்டுக் குளிசை, கடையில் வாங்கும் டைக்லோபெனாக், இபுபுரூபன் போன்ற வலிக்குளிசை எதுவானாலும் கிளினிக்கில் கேட்காமல் வேண்டாம். வல்லாரை, முருங்கை இலை, கங்குன் சாப்பிடக் கூடாது என்றில்லை. ஒரு வாரம் கட்டுக்கட்டாக, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் பிரச்சினை. அளவு ஒரே மாதிரி இருக்கட்டும். நோன்பு பிடிக்க முன்பும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. பெண்பிள்ளைகள் இந்த நோயில் இருந்தால், கர்ப்பம் தரிக்க முன்பே வைத்தியரிடம் கதைப்பது கட்டாயம். வார்பரினும் ரியோசிகுவாட்டும் கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும். நுரையீரல் அழுத்தம் கூடுதலாக இருக்கும்போது கர்ப்பம் தாயின் உயிருக்கே ஆபத்து. மாமிமார் "பிள்ளை எப்போ?" என்று கேட்பதை இங்கேயும் கொஞ்சம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

5. கேள்வியை மாற்றுங்கள். "இன்னுமா மூச்சு வாங்குது?" என்று கேட்பதற்குப் பதில், "அடுத்த கிளினிக் எப்போ? யார் கூட்டிப் போற?" என்று கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் செய்ததையும் சொல்லிவிடுகிறோம். அதிபரிடம் கதைத்து நேரசூசியை மாற்றிவிட்டோம். சேரின் வகுப்புகள் எல்லாம் இப்போது கீழ்த்தளத்தில். கிளினிக் நாளில் அவரது பாடவேளைகளை நாங்கள் பகிர்ந்து எடுக்கிறோம். அதற்கு ஒரு பட்டியல் ஸ்டாப் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறது. இது சேர் கேட்டுச் செய்தது அல்ல. அவர் கேட்கவும் மாட்டார்.

அன்று படியில் வைத்துக் கேட்ட அந்தத் தகப்பனிடமும் போய் விடயத்தைச் சொன்னோம். அவர் மனம் நோக வேண்டும் என்று சொல்லவில்லை. எங்களில் யாரும் அப்படிக் கேட்டிருக்கக்கூடியவர்கள்தான், முன்பு கேட்டும் இருக்கிறோம். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு, "அடுத்த கிளினிக் எந்த நாள்? ஆட்டோவ நான் கொண்டு வாறன்" என்றார். போன செவ்வாய்க்கிழமை அவர்தான் கூட்டிப் போனார். ஐ.என்.ஆர். 2.3.

சேருக்காகவும், இதே நோயோடு மூச்சை எண்ணி எண்ணி நடக்கும் எல்லோருக்காகவும் துஆ செய்யுங்கள். இந்தப் பதிவில் மருத்துவப் பிழை ஏதும் இருந்தால், வைத்தியத் துறையில் உள்ள எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கீழே திருத்துங்கள், நாங்கள் மாற்றிவிடுகிறோம். பக்கத்து ஊர்க் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் இதை அவர்களிடம் சேர்த்துவிடுங்கள். சேரோடு நேரில் கதைக்க விரும்பினால் அவர் தயார் என்று சொல்லச் சொன்னார்.